போதையை விட்டா கிஃப்ட் கார்டு... இந்தச் சிகிச்சைக்கு விதை போட்ட பி.எஃப்.ஸ்கின்னர் யார்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 2023-ல் ஒரு புது சிகிச்சை சேர்ந்தது. கொக்கைன், மெத் போன்ற போதைப்பொருள்களுக்கு அடிமையானவர்கள் மையத்துக்கு வந்து சிறுநீர் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். போதைப்பொருள் இல்லை என்று முடிவு வந்தால் கையோடு பரிசு. முதல் முறை 10 டாலருக்கு கிஃப்ட் கார்டு. தொடர்ந்து போதை எடுக்காமல் இருந்தால் தொகை ஏறிக்கொண்டே போகும். ஆண்டுக்கு 599 டாலர் வரை வாங்கலாம் என்று திட்டம் தொடங்கியது.

அட, போதை எடுக்காம இருக்க அரசாங்கமே காசு கொடுக்குதா? கேட்டவுடன் பலருக்கும் எழும் கேள்வி இதுதான். ஆனா, இந்த யோசனையின் வேர் கிட்டத்தட்ட 90 ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு ஆய்வுக்கூடத்தில் பசியோடு இருந்த எலியிடம் இருக்கிறது. அந்த எலியை வைத்து ஆராய்ச்சி செய்தவர் பி.எஃப்.ஸ்கின்னர். 20-ம் நூற்றாண்டின் மிகப் பிரபலமான, அதே அளவுக்குத் திட்டு வாங்கிய உளவியலாளர்.

எழுத்தாளர் ஆக ஆசைப்பட்டவர்

பர்ரஸ் ஃபிரெட்ரிக் ஸ்கின்னர் 1904 மார்ச் 20-ல், பென்சில்வேனியா மாநிலத்தின் சஸ்குவஹானா என்ற சின்ன ரயில்வே ஊரில் பிறந்தார். அப்பா வக்கீல். சின்ன வயதிலிருந்தே ஏதாவது ஒரு கருவியைச் செய்துகொண்டே இருப்பது இவரது பழக்கம். கழற்றிய பைஜாமாவைக் கொக்கியில் மாட்டு என்று அம்மா தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கும் இவர் ஒரு கருவி செய்தார். பைஜாமா கொக்கியில் இல்லாவிட்டால், அறை வாசலில் ஒரு அட்டை வந்து குறுக்கே தொங்கும். மாட்டினால்தான் மேலே போகும். சூழலை மாற்றினால் பழக்கம் மாறும் என்ற ஸ்கின்னரின் மொத்தக் கொள்கையும் அந்த அட்டைக்குள் இருந்தது என்று சொல்லலாம்.

ஆனா கல்லூரியில் அவர் படித்தது ஆங்கில இலக்கியம். 1926-ல் பட்டம் வாங்கினார். கவிஞர் ராபர்ட் ஃபிராஸ்ட் இவரது கதைகளைப் படித்துவிட்டு ஊக்கம் கொடுத்தார். அதை நம்பி வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். ஒரு வருஷம் போனது. உருப்படியாக எதுவும் வரவில்லை. எழுதுவதற்குத் தன்னிடம் ஒன்றும் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். அந்தச் சமயத்தில் பாவ்லோவ், வாட்சன் ஆகியோரின் புத்தகங்கள் கைக்குக் கிடைத்தன. மனிதன் ஏன் இப்படி நடந்துகொள்கிறான் என்பதைக் கதையாக எழுதுவதைவிட, அளந்து பார்க்கலாமே என்று தோன்றியது. 1928-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கச் சேர்ந்தார்.

ஒரு பெட்டி, ஒரு எலி

ஹார்வர்டில் அவர் உருவாக்கிய கருவிதான் இன்று உலகம் முழுக்க ஸ்கின்னர் பெட்டி என்று அழைக்கப்படுகிறது. பெட்டிக்குள் ஒரு நெம்புகோல். எலி அதை அழுத்தினால் ஒரு உணவு உருண்டை விழும். விழுந்ததும் எலி மறுபடி அழுத்தும். ஒவ்வொரு அழுத்தலும் காகிதச் சுருளில் கோடாகப் பதிவாகும்.

பாவ்லோவின் நாய், மணிச் சத்தம் கேட்டதும் எச்சில் ஊறிய நாய். அங்கே மணி முதலில், எச்சில் அப்புறம். ஸ்கின்னரின் எலி கதை வேறு. அது முதலில் தானாக ஒன்றைச் செய்கிறது, அதற்கப்புறம் விளைவு வருகிறது. விளைவு நல்லதாக இருந்தால் அந்தச் செயல் கூடுகிறது. இதற்கு அவர் வைத்த பெயர் ஆப்பரன்ட் கண்டிஷனிங்.

இதிலிருந்து வந்த இரண்டு கண்டுபிடிப்புகள் நம் கதைக்கு முக்கியம்.

முதலாவது, தற்செயலாகக் கிடைத்தது. உணவு உருண்டைகளை ஸ்கின்னர் தானே கையால் செய்துகொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை மதியம், இருப்பு தீர்ந்துவிடும்போல இருந்தது. சிக்கனம் பண்ணலாம் என்று, ஒவ்வொரு அழுத்தலுக்கும் கொடுக்காமல் நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் கொடுத்துப் பார்த்தார். எலி நிறுத்தவே இல்லை. எப்போதாவது கிடைக்கும் பரிசும் பழக்கத்தைத் தாங்கிப் பிடிக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. இந்த வழியில் பல ஆண்டுகள் ஆராய்ந்து, சார்லஸ் ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து 1957-ல் ஒரு பெரிய புத்தகமே போட்டார். எப்போது வரும் என்று கணிக்க முடியாத பரிசுதான் ஒரு உயிரை விடாமல் முயலவைக்கிறது என்பது அதன் முக்கியமான முடிவுகளில் ஒன்று.

இரண்டாவது, தண்டனை பற்றியது. நெம்புகோலை அழுத்தும் எலியின் பாதத்தில் ஒரு தட்டு விழும்படி செய்தார். எலி கொஞ்ச நேரம் அடங்கியது. அப்புறம் மறுபடி அழுத்த ஆரம்பித்து, கடைசியில் அடி வாங்காத எலி எத்தனை முறை அழுத்தியதோ, அதே எண்ணிக்கையைத் தொட்டுவிட்டது. அடி, பழக்கத்தை அமுக்கி வைக்கும், அழிக்காது என்ற முடிவுக்கு ஸ்கின்னர் வந்தார். வாழ்நாள் முழுக்க அதை விட்டுக்கொடுக்கவில்லை.

புறா ஓட்டும் குண்டு, கண்ணாடித் தொட்டில்

இரண்டாம் உலகப் போரின்போது, குண்டின் மூக்குப் பகுதியில் புறாக்களை உட்காரவைத்து, திரையில் தெரியும் இலக்கைக் கொத்தவைத்து, குண்டைச் சரியான இடத்துக்குத் திருப்பும் ஒரு திட்டத்தில் வேலை பார்த்தார். புறாக்கள் வேலையை ஒழுங்காகச் செய்தன. அதிகாரிகளுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. 1944-ல் திட்டம் கைவிடப்பட்டது.

அதே ஆண்டு பிறந்த இரண்டாவது மகளுக்காக, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கண்ணாடி வைத்த தொட்டில் ஒன்றைச் செய்தார். பத்திரிகையில் செய்தி வந்ததும், சொந்த மகளையே பெட்டிக்குள் அடைத்து ஆராய்ச்சி செய்தார் என்று வதந்தி கிளம்பியது. மகளுக்கு மனநிலை பாதித்தது, தற்கொலை செய்துகொண்டார் என்றெல்லாம் கதை கட்டினார்கள். உண்மையில் அந்த மகள் வளர்ந்து ஓவியக் கலைஞர் ஆனார். 2004-ல் பத்திரிகையில் எழுதி, தானே அந்தக் கதைகளை மறுத்தார்.

1948-ல் ஹார்வர்டுக்குத் திரும்பிய ஸ்கின்னர், கடைசிவரை விவாதங்களின் நடுவிலேயே இருந்தார். பரிசும் பழக்கமும் மட்டும் வைத்து மனித மொழியை விளக்க முடியாது என்று நோம் சாம்ஸ்கி 1959-ல் எழுதிய விமர்சனம் இவருக்குப் பெரிய அடி. சுதந்திரமான தேர்வு என்று நாம் நினைப்பதே சூழல் உருவாக்கியதுதான் என்று வாதிட்ட இவரது 1971 புத்தகம், பலரைக் கோபப்படுத்தியது. அதே ஆண்டு டைம் பத்திரிகையின் அட்டையிலும் இடம்பிடித்தார்.

போதைக்கும் எலிக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்கின்னர் போதை மறுவாழ்வு மையம் நடத்தியவர் இல்லை. இந்தச் சிகிச்சையை வடிவமைத்தவரும் இல்லை. ஆனா, அவரது பெட்டி இல்லாமல் இது வந்திருக்காது.

1960-களில், நெம்புகோலை அழுத்தினால் ரத்தத்தில் மார்ஃபின் ஏறும்படி வைத்தபோது, எலிகளும் குரங்குகளும் திரும்பத் திரும்ப அழுத்துவதை விஞ்ஞானிகள் பார்த்தார்கள். அப்போ, போதைப்பொருளும் உணவு உருண்டை மாதிரி ஒரு பரிசுதான். இது பெரிய திருப்பம். அதுவரை அடிமைத்தனம் என்றால் ஒழுக்கக்கேடு, மன உறுதி இல்லாத குணம் என்றே பலரும் பார்த்தார்கள். பரிசால் வளர்ந்த பழக்கம் என்றால், வேறு பரிசால் அதோடு போட்டி போட முடியும் இல்லையா?

ஹார்வர்டில் ஸ்கின்னரின் மாணவராக இருந்த நேதன் அஸ்ரின், 1960-களில் இல்லினாய் மாநில மனநல மருத்துவமனையில் டோக்கன் முறையைக் கொண்டுவந்தார். குளிப்பது, உடுத்துவது, வேலை செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் டோக்கன். அதைக் கொடுத்து விரும்பியதை வாங்கிக்கொள்ளலாம். 1973-ல் மதுவுக்கு அடிமையானவர்களுக்கு, குடிக்காத வாழ்க்கையைக் குடிப்பதைவிடச் சுவையாக மாற்றும் சிகிச்சை முறையையும் அவர் வெளியிட்டார்.

அடுத்த கட்டத்தைச் செய்தவர் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் ஹிக்கின்ஸ். கொக்கைன் பழக்கம் உள்ளவர்களுக்கு முதல் நெகட்டிவ் பரிசோதனைக்கு 2.50 டாலர் மதிப்புள்ள வவுச்சர். அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 1.25 டாலர் கூடும். ஒரு முறை தவறினால் மறுபடி 2.50-லிருந்து ஆரம்பம். ரொக்கம் கையில் தரமாட்டார்கள். மீன்பிடி உரிமம், சைக்கிள் பாகங்கள், படிப்புக்கான பொருள்கள் என்று போதைக்கு வெளியே ஒரு வாழ்க்கையைக் கட்ட உதவுவதை வாங்கித் தருவார்கள்.

1994-ல் வெளியான அவரது ஆய்வில், ஒரே ஆலோசனைச் சிகிச்சையை இரண்டு குழுக்களுக்குக் கொடுத்தார்கள். வவுச்சரும் பெற்ற குழுவில் 75 சதவிகிதம் பேர் 24 வாரச் சிகிச்சையை முடித்தார்கள். வவுச்சர் இல்லாத குழுவில் 40 சதவிகிதம்தான்.

அடுத்து நான்சி பெட்ரி. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் இவர் செலவைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்தார். பரிசோதனையில் தேறினால், பெரிய கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து சீட்டு எடுக்கலாம். பாதிச் சீட்டுகளில் வெறும் பாராட்டு. மீதியில் பெரும்பாலும் 1 டாலர் பரிசு, சிலவற்றில் 20 டாலர், ஒன்றே ஒன்றில் 100 டாலர். எப்போது வரும் என்று தெரியாத பரிசு... ஸ்கின்னரின் அதே சூத்திரம். மதுப் பழக்கம் உள்ள முன்னாள் ராணுவத்தினரிடம் செய்து 2000-ல் வெளியிட்ட ஆய்வில், சீட்டு எடுத்தவர்களில் 84 சதவிகிதம் பேர் 8 வாரமும் சிகிச்சையில் நீடித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 22 சதவிகிதம்.

சின்னத் தொகை எப்படி வேலை செய்யுது?

கல்லீரல் பிழைக்கும், வேலை நிலைக்கும், குடும்பம் சேரும் என்பதெல்லாம் போதையை விட்டால் கிடைக்கும் பெரிய பரிசுகள்தான். ஆனா அவை மாதங்கள், வருஷங்கள் கழித்து வருபவை. போதை தரும் சுகமோ சில நொடிகளில் வந்துவிடும். அந்த இடைவெளியில்தான் மனிதர்கள் வழுக்கி விழுகிறார்கள். உடனே கையில் கிடைக்கும் வவுச்சர், தூரத்தில் இருக்கும் நன்மையைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்து வருகிறது.

இது லஞ்சம்தானே என்ற எதிர்ப்பு அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பரிசு நின்றதும் பலருக்கு அதன் பலன் குறைகிறது என்பதும் உண்மை. காசு வாங்கிப் பழகினால் உள்ளிருந்து வரும் ஆர்வம் செத்துவிடும் என்று 1971-லேயே எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் சோதனை செய்து எச்சரித்தார். ஆனா, ஹெராயினுக்கு மெத்தடோன் இருப்பதுபோல, கொக்கைனுக்கும் மெத்துக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்த மருந்து எதுவும் இல்லை. இருக்கிற வழிகளில் ஆய்வு ஆதாரம் மிக வலுவாக இருப்பது இதற்குத்தான். 2011 முதல் அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் இது பரவலாக்கப்பட்டது.

இன்னொரு பக்கம், கணிக்க முடியாத பரிசு என்ற அதே விதியில்தான் சூதாட்ட இயந்திரங்கள் ஓடுகின்றன. ஸ்லாட் மெஷினை உதாரணம் காட்டி ஸ்கின்னரே இதை எழுதியிருக்கிறார். விரலால் தள்ளத் தள்ள அடுத்து என்ன வருமோ என்று காத்திருக்க வைக்கும் மொபைல் திரைக்கும் அது பொருந்தும். பழக்கத்தை உருவாக்க இந்த விதியைப் பயன்படுத்தும்போது யாரும் லஞ்சம் என்று சொல்வதில்லை. பழக்கத்திலிருந்து மீட்கப் பயன்படுத்தும்போதுதான் அந்தக் கேள்வி வருகிறது.

1989-ல் ஸ்கின்னருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. 1990 ஆகஸ்ட் 10-ல் பாஸ்டனில் நடந்த அமெரிக்க உளவியல் சங்க மாநாட்டில் வாழ்நாள் பங்களிப்புக்கான விருதை வாங்கிக்கொண்டு மேடையில் பேசினார். அந்தப் பேச்சைக் கட்டுரையாக்கும் வேலையை முடித்துவிட்டு, ஆகஸ்ட் 18-ல் 86 வயதில் மறைந்தார். ஹிக்கின்ஸின் முதல் வவுச்சர் ஆய்வு வெளியானது அதற்கு அடுத்த ஆண்டு.