கொட்டியாரத்தில் கொடுத்த வாக்கு

வெளியே புறப்படும்போது போயிட்டு வாறன் என்று சொல்வது எங்கள் வழக்கம். அப்படிச் சொல்லிவிட்டுப் போய்த் திரும்பாதவர்கள் திருகோணமலையில் எத்தனையோ பேர். அவர்கள் வராதது அவர்கள் பிழையல்ல. இது, வராமலே இருந்திருக்கக்கூடிய ஒருவர் திரும்பி வந்த கதை.

றொபேட் நொக்ஸ் 1641 இல் இலண்டனில் பிறந்தவர். தகப்பனும் அதே பெயருடையவர்; ஆன் என்ற கப்பலின் கப்டன். 1659 இன் இறுதியில் புயலில் பாய்மரம் சேதமாக, அதைச் சரிசெய்யவும் வியாபாரம் செய்யவும் கப்பல் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் திசாவை, அரசனிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று பொய் சொல்லிக் கப்டனைக் கரையில் தங்கவைத்தான். 1660 ஏப்ரலில் தகப்பன், மகன் உட்பட 16 பேர் பிடிபட்டார்கள். தகப்பன் பிடிபட்டதாகச் சொல்லப்படும் மூதூர்ப் புளியமரத்தடிக்கு வெள்ளைக்காரனின் பெயரே பிறகு நிலைத்தது.

கப்பலையும் ஆற்றுக்குள் கொண்டுவரச் செய்வது திசாவையின் எண்ணம். மகன் நேரில் போய்ச் சொன்னால்தான் மாலுமிகள் கேட்பார்கள் என்றார் கப்டன். அனுப்புமுன், என்னைத் தனியே விட்டுவிடாமல் திரும்பி வா என்று மகனிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். மகனுக்கு வயது 19. கப்பலில் ஏறியபின் அவரைத் தடுக்கக் காவலில்லை. மாலுமிகளை எச்சரித்தார்; கப்பலைக் கொண்டுவர மாட்டோம் என்று அவர்களிடமே கடிதம் எழுதி வாங்கினார். பிறகு கரைக்குத் திரும்பினார். கப்பல் போய்விட்டது.

அந்த வாக்கின் விலை 19 ஆண்டும் 6 மாதமும்.

கைதிகளைக் கண்டி இராச்சியத்துக் கிராமங்களில் பிரித்து வைத்தார்கள். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் தகப்பன் காய்ச்சலில் இறந்தார். மகனும் அதே காய்ச்சலில் எழும்ப இயலாமல் கிடந்தவர். பிணத்தைக் கயிறு கட்டிக் காட்டுக்குள் இழுத்துப்போகலாம் என்றார்கள் ஊரார். அவர் இணங்கவில்லை, கூலிக்கு ஆள் பிடித்துத் தூக்கிச்சென்று புதைத்தார். உறவினரின் உடலைக் கேட்டு அலைந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பிறகு தொப்பி பின்னி விற்றார், நெல்லைக் கடனுக்குக் கொடுத்தார், ஊர் ஊராகச் சாமான் விற்றார். அந்த நடையிலேயே வடக்கே போகும் பாதைகளையும் விசாரித்து வைத்தார். 1679 ஒக்டோபரில் ஸ்டீபன் றட்லண்ட் என்ற தோழருடன் மல்வத்து ஓயாவை ஒட்டிய காட்டுவழியாக, மன்னார்ப் பக்கம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்.

1681 இல் இலண்டனில் வெளியான அவரது நூலில், தான் நேரில் அறிந்ததையும், ஊர்மக்களிடையே பொதுவாக உண்மையென அறியப்பட்டதையும் மட்டுமே எழுதியதாகச் சொல்கிறார். தன்னை அடைத்துவைத்த நாட்டைப் பற்றி எழுதும்போதும் அங்குள்ளவர்களின் உழவையும் உணவையும் வழக்கங்களையும் பொறுமையாக விவரிக்கிறார். வன்மத்தில் எழுதியிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். சரிபார்க்க அங்கே எவருமில்லை. இன்றும் அக்காலக் கண்டியை ஆராய்வோர் அந்நூலைப் புரட்டுகிறார்கள்.

அவரைப் புனிதராக்கவும் முடியாது. பிற்காலத்தில் கப்டனாகி, மடகஸ்காரில் அடிமைகளை வாங்கும் பயணங்களுக்கும் போனார். இருபது ஆண்டு கைதியாயிருந்த மனிதன் இதைச் செய்தான் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. திருமணம் செய்யாமலே 1720 இல் இறந்தார். தகப்பனின் உடல் இலங்கையிலேயே கிடக்கிறது.