வீடு தேடி அலைந்த பிள்ளை
தாமஸ் மெர்ட்டன் சுவாமியாரின் ஜீவிய சரித்திரம்



தகப்பனுக்கு உத்தியோக மாற்றம் வந்துவிட்டால் பிள்ளைகள் படும் பாடு உங்களுக்குத் தெரியும். புதுப் பள்ளிக்கூடம், புது வாத்தியார், விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாத புதுப் பிள்ளைகள். இரண்டு மாதம் அழுகையாய்ப் போகும்; பிறகு பழகிவிடும். ஆனால் தாயும் போய், தகப்பனும் போய், பதினாறு வயது நிறைவதற்குள் நான்கு தேசங்களில் வாழ்ந்து, எந்த ஊரையும் தன் ஊர் என்று சொல்ல வழியில்லாமல் நின்ற ஒரு பிள்ளையின் சரித்திரத்தை இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறோம். அவர்தான் அமெரிக்காவின் திராப்பிஸ்து சந்நியாசி தாமஸ் மெர்ட்டன் சுவாமியார். திருச்சபை அவரை அர்ச்சியசிஷ்டவர் என்று பிரகடனம் செய்யவில்லை. அவருடைய ஜீவியத்தில் சொல்லாமல் விட்டால் நல்லது என்று சிலர் நினைக்கக்கூடிய காரியங்களும் உண்டு. விடாமலே சொல்லுகிறோம்.

பிரான்சு தேசத்தில், பிரதேஸ் என்னும் மலையோர ஊரில் 1915-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி அவர் பிறந்தார். தகப்பனார் ஓவன் மெர்ட்டன் நியூசிலாந்துக்காரர், சித்திரக்காரர்; தாயார் ரூத் அமெரிக்கப் பெண். முதல் உலக யுத்தத்துக்கு அஞ்சி அவர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். அங்கே 1918-ல் ஜான் பால் என்ற தம்பி பிறந்தான். தாமஸுக்கு ஆறு வயதாயிருக்கையில் தாயார் வயிற்றுப் புற்றுநோயால் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிள்ளையை அங்கே கூட்டிச் செல்லவில்லை. தான் இனித் திரும்பப் போவதில்லை என்பதைத் தாய் ஒரு கடிதத்தில் எழுதி மகனுக்கு அனுப்பினாள். பாட்டனார் வீட்டுப் பின்புறத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, அச்சிறுவன் அதை வாசித்து முடித்தான். எழுத்தையே தன் ஆயுள் முழுவதும் கையில் பிடித்திருந்த அவருக்கு எழுத்து முதன்முதல் கொண்டுவந்த பெரிய செய்தி இதுதான்.

பிறகு தகப்பனார் பெரிய மகனைத் தம்முடன் இழுத்துக்கொண்டு அலைந்தார். பெர்முடாத் தீவில் சில காலம். 1925-ல் மறுபடி பிரான்சு. சாந்த் அந்தோனேன் என்ற பழைய ஊரில் தகப்பனார் நிலம் வாங்கி வீடு கட்டத் தொடங்கினார். அவ்வூரின் தெருக்களெல்லாம் கோவிலை நோக்கியே போகும். வீடு எழும்பியது, ஆனால் அதில் குடியிருக்கக் கொடுத்து வைக்கவில்லை. 1928-ல் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள்.

பிரான்சில் இருந்தபோது ஒரு கோடையில், உடம்பு தேற வேண்டுமென்று தாமஸை ஒரு கத்தோலிக்கத் தம்பதிகளின் வீட்டில் விட்டிருந்தார்கள். பாலும் வெண்ணெயும் கொடுத்துத் தங்கள் பிள்ளைபோல் பார்த்துக்கொண்ட எளிய ஜனங்கள். எல்லா மதமும் ஒன்றுதானே என்று அச்சிறுவன் அவர்களிடம் வாதாடினான். அவர்கள் பதிலுக்கு வாதாடவில்லை. முகம் வாடிப் பேசாமலிருந்தார்கள். அவர்கள் தமக்காக வேண்டிக்கொண்டிருக்க வேண்டும், தமக்குக் கிடைத்த வரப்பிரசாதம் அவர்களுடைய செபத்தால் வந்ததாயிருக்கும் என்று பிற்காலத்தில் சுவாமியார் எண்ணினார். பிறர் வீட்டுப் பிள்ளைக்கு உங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு வாய் சோறு போடும் தாய்மார்களே, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் தகப்பனாருக்கு மூளையில் கட்டி வந்தது. பேச்சு நின்றுவிட்டது. ஒருநாள் மகன் பார்க்கப் போனபோது படுக்கைமேல் சின்னச் சின்னக் காகிதங்கள் கிடந்தன. அவற்றில் தாடியும் தலையைச் சுற்றி ஒளிவட்டமுமாக அர்ச்சியசிஷ்டவர்களின் படங்களை நோயாளி வரைந்திருந்தார். 1931 ஜனவரியில் அவரும் இறந்தார். இரண்டு வருஷம் கழித்து உரோமாபுரிக்குப் போன வாலிபன், அங்குள்ள பழைய கோவில்களில் வர்ணக் கற்கள் பதித்த சித்திரங்களைக் கண்டு மெய்ம்மறந்து நின்றான். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவன் கோவில் கோவிலாகப் போகலானான். ஓர் இரவு செத்துப்போன தகப்பனார் அறையில் இருப்பதுபோல் தோன்றி, தன் ஆத்துமத்தின் அலங்கோலத்தைக் கண்டு அழுதான். மறுநாள் சாந்தா சபினா கோவிலில் முழந்தாளிட்டுப் பரலோக மந்திரம் சொன்னான். பேச முடியாத தகப்பன் கிறுக்கிவைத்த படங்கள் வேலை செய்யத் தொடங்கிவிட்டன என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் அந்த உருக்கம் நிலைக்கவில்லை. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் அவன் கழித்த ஒரு வருஷம் குடியிலும் துர்நடத்தையிலும் கழிந்தது. பொறுப்பாளராயிருந்தவர் இனி இங்கிலாந்துக்கே வரவேண்டாம் என்று சொல்லுமளவுக்கு அது முற்றியது. அமெரிக்காவுக்குத் திரும்பி, 1935-ல் நியூயார்க் நகரில் கொலம்பியா சர்வகலாசாலையில் சேர்ந்தார். அடுத்த இரண்டு வருஷங்களுக்குள் பாட்டனாரும் பாட்டியாரும் இறந்தார்கள்.

இங்கேதான் நம் தேசத்து மனிதர் ஒருவர் வருகிறார். வங்காளத்திலிருந்து சிக்காகோவுக்கு வந்து படித்துப் பட்டம் பெற்ற மகாநாமவிரத பிரம்மசாரி என்ற இந்து சந்நியாசி, 1938-ல் மெர்ட்டனுடைய நண்பர்களிடம் தங்கியிருந்தார். கீழ்த்தேசத்து ஞான நூல்களைப் பற்றி இவ்வாலிபர் ஆவலோடு கேட்டார். அச்சந்நியாசியோ தம் மதத்து நூல் எதையும் நீட்டவில்லை. கிறிஸ்தவர்களிடமே அழகான ஞானப் புஸ்தகங்கள் இருக்கின்றன, அர்ச். அகுஸ்தீனாரின் பாவசங்கீர்த்தன நூலையும் கிறிஸ்துநாதர் அநுசாரத்தையும் வாசிக்க வேண்டும் என்றார். நம் வீட்டுப் பெட்டியில் தூசி படிந்து கிடக்கும் அநுசாரத்தை ஓர் இந்து துறவி எடுத்துக் கையில் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாகப் பூசைக்குப் போய்ப் பின்னால் ஒதுங்கி உட்கார்ந்து, பிரசங்கம் முடிந்ததும் பயந்து வெளியேறிவிட்டார். சில வாரம் சென்று, மழை பெய்த ஒருநாள், வாசித்துக்கொண்டிருந்த புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டு, நனைந்துகொண்டே பங்குச் சுவாமியார் வீட்டுக்கு நடந்து போய், கத்தோலிக்கனாக வேண்டுமென்று கேட்டார். நவம்பர் 16-ந் தேதி ஞானஸ்நானம். கூட நின்ற நண்பர் நால்வரில் மூவர் யூதர்; கத்தோலிக்கராயிருந்த ஒருவரே ஞானத்தந்தை.

குருவாக வேண்டுமென்ற ஆசை பிறந்தது. பிரான்சிஸ்கு சபையார் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் தம் பழைய ஜீவியத்தை மறைத்து உள்ளே போக மனச்சாட்சி இடங்கொடாமல், 1940-ல் தாமாகவே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள் என்று பதில் வந்தது. நேரே ஒரு கப்புச்சின் கோவிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அழுகையினால் பேச முடியாமல் தடுமாறினார். உள்ளிருந்த குரு காரியத்தைத் தவறாக விளங்கிக்கொண்டு கடிந்து அனுப்பிவிட்டார். வெளியே வந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதார். வேறொருவராயிருந்தால் கோவில் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார். மெர்ட்டன் செய்தது வேறு: குருக்கள் சொல்லும் கட்டளைச் செபப் புஸ்தகங்களை வாங்கி, உலகத்திலிருந்தபடியே சந்நியாசிபோல் செபிக்கத் தொடங்கினார். அர்ச். பொனவெந்தூர் கல்லூரியில் ஆசிரியர் வேலையும் கிடைத்தது.

1941-ல் பரிசுத்த வாரத் தியானத்துக்குக் கெந்தக்கி மாகாணத்திலுள்ள ஜெத்சமனி மடத்துக்குப் போனார். 1848-ல் பிரெஞ்சு சந்நியாசிகள் ஸ்தாபித்த மடம் அது. இரவு இரண்டு மணிக்கு எழுந்திருப்பார்கள், மாமிசம் இல்லை, வைக்கோல் மெத்தை, அவசியமானதைக் கைஜாடையால் சொல்லுவார்கள். இவருக்கோ சொந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தாற்போல் இருந்தது. அவ்வருஷக் கடைசியில் ஓர் இரவு கல்லூரித் தோப்பில் அர்ச். சிறு தெரேசம்மாளை நோக்கி, வழி காட்டினால் உம்முடைய சந்நியாசியாயிருப்பேன் என்று மன்றாடினபோது, எங்கோ தூரத்திலிருக்கும் ஜெத்சமனியின் மணி ஒலிப்பதாக மனதில் பட்டது. ஒரு பிரான்சிஸ்கு குருவிடம் மறுபடி ஆலோசனை கேட்டதில், தடை ஒன்றுமில்லை என்றார். இதற்கிடையே பட்டாளத்துக்கு அழைப்பு. முன்னே பற்கள் போதாதென்று தள்ளிவிட்டவர்கள் இப்போது மறுபடி கூப்பிட்டார்கள்! தவணை வாங்கிக்கொண்டு, 1941 டிசம்பர் 10-ந் தேதி மடத்துக் கதவைத் தட்டினார். அப்போது வயது 26. மடத்தில் லூயிஸ் என்ற பெயர் கொடுத்தார்கள்.

இனி தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறு வயதில் தாமஸும் அவன் கூட்டாளிகளும் குடிசை கட்டி விளையாடுவார்கள். நாலைந்து வயதுத் தம்பி ஆசையோடு கிட்ட வந்தால் கல்லெறிந்து துரத்துவார்கள். அவன் அழவும் மாட்டான், ஓடவும் மாட்டான். கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு தூரத்தில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருப்பான். அந்த நிற்றல் அண்ணனை ஆயுள் முழுவதும் விடவில்லை. 1942 ஜூலையில் ஜான் பால், கானடா தேசத்து ஆகாயப் படையில் சேர்ந்தவனாக, யுத்தத்துக்குப் போகுமுன் ஜெத்சமனிக்கு வந்தான். தானும் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்றான். சில நாட்களுக்குள் அண்ணன் தமக்குத் தெரிந்த வேதத்தையெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்நாட்களில் ஒருநாள், கோவிலின் கீழே நின்ற அண்ணன் நிமிர்ந்து பார்க்கையில், மேலே விருந்தாளிகளுக்குரிய மாடத்தில் தம்பி தன்னந்தனியே முழந்தாளிட்டிருந்தான். கீழே வர வழி தெரியவில்லை. கூப்பிட்டுச் சொல்ல மௌன ஒழுங்கு இடந்தரவில்லை, ஜாடையும் எட்டவில்லை. குடிசைக்கு அப்பால் நின்ற அதே பிள்ளை! ஆனால் இம்முறை அவன் வெளியே நிற்கவில்லை. பக்கத்து ஊர்க் கோவிலில் ஞானஸ்நானம் பெற்று, அண்ணனோடு சேர்ந்து தேவநற்கருணை வாங்கினான். 1943 ஏப்ரலில் அவன் சென்ற விமானம் கடலில் விழுந்தது. படுகாயத்தோடு இரப்பர்ப் படகில் தாகத்தால் தவித்துச் சில மணி நேரத்தில் இறந்தான். கூட்டாளிகள் கடலிலேயே அடக்கம் செய்தார்கள். பாஸ்குத் திருநாள் வாரத்தில் தந்தி மடத்துக்கு வந்தது. அண்ணன் அவனுக்காக ஒரு கவிதை எழுதினார். பிள்ளைகள் சண்டையிட்டுக்கொள்ளும் வீடுகளில் இந்தக் கதையை ஓர் இரவு சாப்பாட்டுக்குப் பின் சொல்லிப் பாருங்கள்.

மௌன மடத்துக்கு வந்தவர் எழுதலாமா என்பதே அவருக்குப் பெரிய குழப்பம். எழுத்தாளன் என்ற பழைய மனிதன் வாசலோடு நின்றுவிடாமல் கூடவே உள்ளே வந்துவிட்டான் என்று வருந்தினார். மடாதிபதி பிரெடெரிக் டன் சுவாமியாரோ, புஸ்தகம் கட்டும் தொழில் செய்த தகப்பனின் மகன். ஜீவிய சரித்திரத்தை எழுதும்படி அவரே உற்சாகப்படுத்தினார். ‘ஏழு நிலை மலை’ என்ற அந்நூலின் முதற்பிரதியை 1948 ஜூலையில் தம் கையாலேயே கொடுத்துவிட்டு, ஆகஸ்டில் அவர் காலமானார். அக்டோபரில் நூல் வெளிவந்தது. ஒரு வருஷத்துக்குள் ஆறு லட்சம் பிரதிகள் விற்றன. பணமெல்லாம் மடத்துக்கு. யுத்தத்திலிருந்து திரும்பிய வாலிபர் பலர் அதை வாசித்துவிட்டுச் சந்நியாச மடங்களைத் தேடி வந்தார்கள். 1949 மே 26-ந் தேதி, ஆண்டவருடைய ஆரோகணத் திருநாளன்று, அவர் குருப்பட்டம் பெற்றார்.

வீடு கிடைத்ததும் அலைச்சல் தீர்ந்ததா? தீரவில்லை. இன்னும் ஏகாந்தம் வேண்டுமென்று மேலதிகாரிகளோடு மல்லாடினார். 1958 மார்ச்சில் லூயிவில் நகரத் தெருமுனையில், கடைக்கு வந்துபோகும் ஜனங்களைப் பார்த்து நிற்கையில், இவர்களெல்லாரும் என் சொந்தக்காரர் என்ற உணர்வு அவரை ஆட்கொண்டது. அதற்குப் பின் அணுகுண்டையும் நிறவேற்றுமையையும் கண்டித்து எழுதலானார். 1962-ல் யுத்தத்தைப் பற்றி அச்சிடக்கூடாதென்று சபை அதிபர் தடுத்தார். மனம் புண்பட்டும் கீழ்ப்படிந்தார். மறு வருஷமே பாப்பரசர் 23-ம் அருளப்பர் சமாதானத்தைப் பற்றித் திருமடல் எழுதினார். 1965-ல் மடத்துக் காட்டில் ஒரு சிறு குடிலில் தனியே வசிக்க உத்தரவு கிடைத்தது. அடுத்த வருஷம் முதுகு ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஒரு நர்ஸிடம் மனதைப் பறிகொடுத்தார். ஐம்பத்தொரு வயதில்! சில மாதம் பெரிய போராட்டம். கடைசியில் அவ்வுறவை விட்டு, குடிலிலேயே இருப்பதாகப் புதிதாய் வாக்குக் கொடுத்தார். அந்தப் போராட்டத்தையும் தினசரியில் எழுதி வைத்தார், கிழித்தெறியவில்லை.

1968-ல் கீழ்த்தேசப் பிரயாணம். கல்கத்தா, தில்லி, தர்மசாலை; பிறகு நவம்பர் கடைசியில் நம் சென்னை. தம் பெயர்கொண்ட அப்போஸ்தலரின் பரங்கிமலைக்கு ஏறிப்போனார், மகாபலிபுரமும் பார்த்தார். இலங்கையில் பொலன்னறுவைக் கற்சிலைகளின் முன் வெகுநேரம் நின்றார். பின்பு சந்நியாச மடத்தலைவர்களின் கூட்டத்துக்காகப் பாங்காக்கு. டிசம்பர் 10-ந் தேதி காலையில் பேசினார். சாப்பிட்டு அறைக்குப் போனவர், மேலே மின்விசிறி சாய்ந்து கிடக்க, இறந்து கிடந்தார். மின்சாரம் தாக்கியதென்று மடத்துக்கு அறிவித்தார்கள். மடத்துக் கதவைத் தட்டிச் சரியாக 27 வருஷம் நிறைந்த நாள் அது.

வியத்நாம் யுத்தத்தில் மாண்ட சிப்பாய்களின் சவங்களைக் கொண்டுபோன அமெரிக்கப் பட்டாள விமானத்திலேயே, அந்த யுத்தத்தைக் கண்டித்த அவருடைய உடலும் போயிற்று. டிசம்பர் 17-ந் தேதி மாலை, ஜெத்சமனி மடத்துச் சகோதரர்கள் தங்கள் கோவிலையொட்டிய கல்லறையில் அவரை அடக்கம் செய்தார்கள். மற்றச் சந்நியாசிகளுக்கு இருப்பதுபோலவே ஒரு சிறு வெள்ளைச் சிலுவை. அதில் லூயிஸ் சுவாமியார் என்ற மடத்துப் பெயர்.