60 வயதில் பனிக்குள் புதைந்தவர்

1916 பிப்ரவரி 25 அன்று மத்தியாஸ் ஸ்டார்ஸ்கிக்கு 60 வயது நிறைந்தது. மூன்றே நாள் கழித்து, 28ஆம் தேதி, ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனிச்சரிவு அவரை அடித்துப் புதைத்தது. உல்லாசப் பயணமாக அவர் அங்கே போகவில்லை. அதற்கு முன்பே பனியில் சிக்கிய ராணுவ வீரர்களை மீட்கப் போயிருந்தார். வெளியே எடுத்தபோது எலும்பு முறிவும் மூட்டு விலகலுமாக உடம்பில் சுமார் 80 இடங்களில் காயம். ஆனால் உயிர் இருந்தது. அதற்குப் பிறகும் 24 ஆண்டுகள் வாழ்ந்தார்.

நம் குடியிருப்பில் லிஃப்ட் ஒரு நாள் நின்றாலே என்னைப் போன்றவர்கள் மூன்றாம் மாடி ஏற யோசிக்கிறோம். அதனால்தான் இந்த மனிதரைப் பற்றிப் படித்ததும் நான்கு பேரிடம் சொல்லத் தோன்றியது.

ஸ்டார்ஸ்கி பிறந்தது 1856இல், இன்றைய செக் நாட்டிலுள்ள மொராவியாவில். சிறுவயதிலேயே ஒரு விபத்தில் இடது கண் போய்விட்டது. ஆசிரியராக இருந்தார், ஓவியமும் சிற்பமும் பயின்றார். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆஸ்திரியாவில் லிலியன்ஃபெல்ட் என்ற ஊருக்கு அருகே மலைப்பாங்கான ஒரு பண்ணையை வாங்கிக் குடியேறினார். குளிர்காலத்தில் வீட்டைச் சுற்றி ஆள் நடக்க முடியாத அளவுக்குப் பனி. அந்தச் சமயத்தில்தான் நார்வேக்காரர் நான்சன், 1888இல் கிரீன்லாந்தைச் சறுக்குப் பலகைகளில் கடந்த கதையை எழுதிய புத்தகம் வெளியாயிற்று. அதைப் படித்தவர் நார்வேயிலிருந்து ஒரு ஜோடி பலகையை வரவழைத்தார்.

வந்த பலகை அவர் மலைக்கு ஒத்துவரவில்லை. நார்வேயின் சரிவுகள் மென்மையானவை, ஆல்ப்ஸோ செங்குத்து. நீளமான பலகையைக் கட்டிக்கொண்டு அங்கே திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. தானே விழுந்து எழுந்து கற்றார். பலகையை ஏறத்தாழ 1.8 மீட்டராகக் குறைத்தார். காலை உறுதியாகப் பிடிக்கும் இரும்புப் பிணைப்பைத் தானே வடிவமைத்தார். ஒற்றைக் கோலை ஊன்றி, வளைந்து வளைந்து வேகத்தை அடக்கி இறங்கும் முறையை வகுத்து, 1896 வாக்கில் புத்தகமாகவும் எழுதிவிட்டார். நார்வே முறையே உயர்ந்தது என்றவர்களோடு பல ஆண்டுகள் பத்திரிகைச் சண்டை நடந்தது. மனிதர் விட்டுக்கொடுக்கிற ரகமில்லை. 1905 மார்ச் 19இல் முக்கன்கோகல் மலையில் 85 வாயில்கள் நட்டு ஒரு போட்டி வைத்தார். கலந்துகொண்டவர்கள் 24 பேர், அதில் ஒரு பெண்ணும் உண்டு. இன்று ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் ஸ்லாலம் பந்தயத்துக்கு அதுதான் முன்னோடி. ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், காசு வாங்காமல்.

அந்தக் காலத்தில் மேலே இழுத்துச் செல்லும் இயந்திரம் எதுவும் கிடையாது. மலையைச் சொந்தக் காலால் ஏறி, ஆள் தடமில்லாத பனியில் இறங்க வேண்டும். எனவே சறுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, பனியைப் படிக்கவும் தெரிய வேண்டும். மலைமேல் இருக்கும் பனி ஒரே கட்டி அல்ல. ஒவ்வொரு முறை பெய்ததும் தனித்தனி அடுக்காகப் படிகிறது. பேரேட்டில் பதிவு ஏறுவது மாதிரி என்று எனக்குத் தோன்றும். நவம்பரில் விழுந்த ஒரு தப்பான பதிவு பிப்ரவரியில்தான் கணக்கைக் கவிழ்க்கும். அடியிலுள்ள ஓர் அடுக்கு சர்க்கரை போல உதிரியாகிப் பிடிப்பை இழந்திருக்கும். அதன்மேல் காற்று கொண்டுவந்து சேர்த்த பனி பலகை மாதிரி இறுகிக் கிடக்கும். 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவில் ஒரே ஒரு ஆள் கால் வைத்தால் போதும், முழுப் பலகையும் உடைந்து கீழே கிளம்பிவிடும். சறுக்கப் போனவர்களைக் கொன்ற சரிவுகளில் பெரும்பாலானவை அவர்களோ கூட வந்தவர்களோ கிளப்பியவையே. ஓடும்போது மாவு போலிருக்கும் பனி, நின்றதும் சிமெண்ட் போல் இறுகிவிடும், கையைக்கூட அசைக்க முடியாது. கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அது தாண்டினால் மூச்சு முட்டியே பெரும்பாலானோர் போய்விடுகிறார்கள். இன்று சமிக்ஞைக் கருவி, நீளக் கம்பி, மண்வாரி மூன்றும் இல்லாமல் விவரம் தெரிந்தவர் யாரும் போவதில்லை. அன்று அதிகபட்சம், பின்னால் இழுபடும் ஒரு சிவப்புக் கயிறுதான்.

முதல் உலகப் போரில் இத்தாலியும் ஆஸ்திரியாவும் ஆல்ப்ஸ் உச்சிகளில் மோதின. ராணுவத்துக்குப் பனி தெரிந்த ஆள் தேவைப்பட்டது, ஸ்டார்ஸ்கி போனார். அந்தப் போரில் குண்டைப் போலவே பனியும் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அவர் அடிபட்ட அதே 1916இல், டிசம்பர் 13 அன்று, மார்மொலாடா மலையில் ஒரு முகாமே புதைந்து 200க்கும் மேற்பட்ட ஆஸ்திரிய வீரர்கள் மாண்டார்கள். இடத்தை மாற்றுங்கள் என்று அங்கிருந்த அதிகாரி முன்கூட்டியே கேட்டிருந்தார். மேலிடம் மறுத்துவிட்டது. எந்த அலுவலகத்திலும் இப்படி ஒரு கோப்பு இருக்கும் போலிருக்கிறது.

அத்தனை காயத்துக்குப் பிறகு ஸ்டார்ஸ்கி இனி எழுந்து நடப்பாரா என்பதே சந்தேகம். தனக்கான உடற்பயிற்சிகளைத் தானே வகுத்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக உடம்பை மீட்டார். மீண்டும் பலகை கட்டிச் சறுக்கினார் என்பதைப் படித்தபோது இரண்டாம் முறையும் சரிபார்த்தேன். என்னைக் கவர்ந்தது அதைவிடவும் வேறொன்று. தன்னைப் புதைத்த பனியைப் பற்றியே அவர் தொடர்ந்து ஆராய்ந்தார். சரிவுக்குள் சிக்கியவனுக்கு உள்ளே என்ன நேர்கிறது என்பதைச் சொந்த அனுபவமாகச் சொல்ல அவரைப் போல் வேறு நிபுணர் அன்று ஏது? எழுபது வயதைத் தாண்டியபின் பனிச்சரிவு பற்றி ஒரு நூலும் வெளியிட்டார்.

1940 ஜூன் 20இல், 84ஆம் வயதில் காலமானார். அவருடைய ஒற்றைக் கோல் முறை வழக்கொழிந்து வெகுகாலம் ஆகிறது. ஆனால் மலையில் இரவு மாட்டிக்கொண்டவர்கள் காற்றும் குளிரும் தாக்காமல் உள்ளே புகுந்துகொள்ள அவர் வடிவமைத்த லேசான துணிப்பை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஜெர்மன் பேசும் மலையேறிகள் அதை ஸ்டார்ஸ்கி பை என்றுதான் அழைக்கிறார்கள்.