5 லட்சம் மைல் ஓடிய கார்! பத்திரிகை விற்ற சிறுவன் செய்து காட்டிய அதிசயம்

1907-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு கார் செய்தார்கள். அந்த ஒரே கார் 5 லட்சம் மைலுக்கு மேல் ஓடியது. பூமியை 20 தடவை சுற்றி வருகிற தூரம் இது. நூறு வயது ஆன பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது.

இந்தக் காரைச் செய்தவர் பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. பணக்கார வீட்டுப் பிள்ளையும் அல்ல. சிறு வயதில் தெருவில் பத்திரிகை விற்றவர். வீடு வீடாகத் தந்தி கொண்டுபோய்க் கொடுத்தவர். அவர் பெயர் ஹென்றி ராய்ஸ். ரோல்ஸ்ராய்ஸ் என்ற காரின் பெயரில் பின்பாதி அவர் பெயர்தான்.

அவர் செய்த கார் எப்படி அவ்வளவு தூரம் ஓடியது? அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. எவ்வளவு சின்னக் குறையாக இருந்தாலும் அவர் அதை விட்டுவைக்க மாட்டார். பெரிய கோளாறு ஆகும் முன்பே சரி செய்துவிடுவார்.

ஆனால், காரை அப்படிக் கவனித்த அதே மனிதர் தம் உடம்பைக் கவனிக்க மறந்துவிட்டார். அதற்கு அவர் கொடுத்த விலை மிகப் பெரியது.

வறுமை

ராய்ஸ் 1863-ம் ஆண்டு மார்ச் மாதம் 27-ந் தேதி பிறந்தார். பீட்டர்பரோ நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஆல்வால்ட்டன் என்ற கிராமம் அவர் சொந்த ஊர். அப்பா மாவு மில் நடத்தினார். ஐந்து குழந்தைகளில் ராய்ஸ்தான் கடைக்குட்டி.

மில் நொடித்துப் போயிற்று. குடும்பம் பிழைப்புத் தேடி லண்டனுக்குப் போயிற்று. அங்கேயும் விடிவு பிறக்கவில்லை. 1872-ல் அப்பா ஏழைகள் விடுதியில் இறந்தார். அப்போது ஹென்றிக்கு வயது 9.

அந்த வயதிலேயே சிறுவன் உழைக்க வேண்டியதாயிற்று. பத்திரிகை விற்றான். தந்தி கொடுக்கும் பையனாக ஓடினான். பள்ளிக்கூடத்தில் அவன் படித்தது மொத்தம் ஓர் ஆண்டு அளவுக்குத்தான். சில நாட்களில் பாலில் நனைத்த இரண்டு ரொட்டித் துண்டுகளே அவனுக்குச் சாப்பாடு.

15-வது வயதில் ஒரு நல்ல காலம் வந்தது. அத்தை ஒருத்தி உதவி செய்தார். ஆண்டுக்கு 20 பவுன் கட்டி, ரெயில்வே பட்டறையில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார். ஹென்றி தங்கியிருந்த வீட்டுக்காரரின் கொட்டகையில் ஒரு கடைசல் இயந்திரம் இருந்தது. பகல் எல்லாம் பட்டறை. இரவில் கொட்டகை. இரும்பைக் கடையவும், அராவவும், ஒன்றோடு ஒன்று இம்மி பிசகாமல் பொருத்தவும் அவன் கற்றது அங்கேதான்.

மூன்றாவது ஆண்டில் அத்தையிடம் பணம் தீர்ந்துவிட்டது. தொழிற்பயிற்சி பாதியில் நின்றது. வேலை தேடி லீட்ஸ் நகரத்துக்குப் போனான். வாரத்துக்கு 11 ஷில்லிங் கூலிக்கு வேலை செய்தான். பிறகு லண்டனில் ஒரு மின்சாரக் கம்பெனியில் சேர்ந்தான். மின்சாரம் அப்போது புதிது. அதை விடாமல் படித்துக் கற்றுக்கொண்டான்.

சொந்தப் பட்டறை

1884-ல் ராய்சுக்கு வயது 21. கையில் இருந்த சேமிப்பு 20 பவுன். நண்பர் எர்னஸ்ட் கிளேர்மான்ட் 50 பவுன் போட்டார். இரண்டு பேரும் மான்செஸ்டர் நகரத்தில் குக் தெருவில் ஒரு சிறு பட்டறை வைத்தார்கள். பட்டறைக்கு மேலேயே ஓர் அறையில் தங்கினார்கள். முதலில் வாசல் மணி போன்ற சின்னச் சாமான்கள் செய்தார்கள். பிறகு டைனமோ செய்தார்கள். பளு தூக்கும் மின்சாரக் கிரேன்களும் செய்தார்கள்.

அந்தக் காலத்து டைனமோக்களில் தீப்பொறி பறக்கும். பொறி பறந்தால் செம்பு தேயும். செம்பு தேய்ந்தால் டைனமோ கெட்டுப்போகும். ராய்ஸ் செய்த டைனமோவில் பொறி பறக்காது. அதனால் அது நீண்ட காலம் உழைத்தது. தேய்மானம் எங்கே தொடங்குகிறதோ அங்கேயே அதைத் தடுக்க வேண்டும். இந்தப் பாடத்தை அவர் கார் செய்வதற்கு முன்பே கற்றுக்கொண்டார்.

பழைய கார்

1903-ல் ராய்ஸ் ஒரு பழைய கார் வாங்கினார். டெக்காவில் என்ற பிரெஞ்சுக் கார் அது. அந்தக் காலத்துக்கு அது மோசமான கார் அல்ல. ஆனாலும் ராய்சுக்குத் திருப்தி இல்லை. கார் சத்தம் போட்டது. அதிர்ந்தது. சூடேறியது. மற்றவர்கள் கார் என்றால் அப்படித்தான் என்று சும்மா இருந்தார்கள். ராய்ஸ் அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். எது சத்தம் போடுகிறது, எது சூடேறுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

கடைசியில் தாமே ஒரு கார் செய்வது என்று முடிவு செய்தார். 1904 ஏப்ரல் 1-ந் தேதி அவருடைய முதல் கார் பட்டறையை விட்டு வெளியே வந்தது. அதில் பிரமாதமான புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. எல்லாக் கார்களிலும் இருக்கிற சாமான்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் சுத்தமாகச் செய்யப்பட்டிருந்தது. அதனால் சத்தமும் அதிர்ச்சியும் குறைந்தன.

ரோல்ஸ் வந்தார்

அந்த நேரத்தில் லண்டனில் சார்லஸ் ரோல்ஸ் என்ற இளைஞர் கார் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். பிரபு வீட்டுப் பிள்ளை. கேம்பிரிட்ஜில் படித்தவர். வெளிநாட்டுக் கார்களை விற்று வந்தார். நல்ல இங்கிலீஷ் கார் ஒன்று கிடைக்காதா என்ற ஏக்கம் அவருக்கு.

1904 மே 4-ந் தேதி மான்செஸ்டரில் உள்ள மிட்லண்ட் ஓட்டலில் இருவரும் சந்தித்தார்கள். ஒருவர் பிரபு மகன். மற்றவர் பத்திரிகை விற்ற சிறுவன். ஆனால் கார் இருவரையும் ஒன்று சேர்த்தது. ராய்ஸ் செய்கிற கார்களை எல்லாம் ரோல்ஸ் விற்பது என்று ஏற்பாடு ஆயிற்று. 1906-ல் ரோல்ஸ்ராய்ஸ் கம்பெனி பிறந்தது. கம்பெனியின் நிர்வாகத்தைக் கிளாட் ஜான்சன் என்பவர் பார்த்துக்கொண்டார்.

வெள்ளிப் பேய்

அதே ஆண்டில் ராய்ஸ் ஆறு சிலிண்டர் கார் ஒன்றைச் செய்தார். அந்த நாளில் ஆறு சிலிண்டர் என்றாலே பயம். எஞ்சினுக்குள் சுழலும் நீண்ட கிராங்க் தண்டு, அதிர்ச்சி தாங்காமல் முறிந்துவிடும். ராய்ஸ் அந்தத் தண்டைத் தடிமனாகச் செய்தார். அதை ஏழு இடங்களில் பேரிங் வைத்துத் தாங்கினார்.

இரும்பும் இரும்பும் உரசினால் தேயும். இரண்டுக்கும் நடுவே எண்ணெய் இருந்தால் தேயாது. ஆகவே, பம்பு வைத்து ஒவ்வொரு பேரிங்குக்கும் எண்ணெய் அழுத்தத்தோடு போகும்படி செய்தார். சட்டங்களை இணைக்க மற்றவர்கள் ரிவெட் அடிப்பார்கள். ராய்ஸ் போல்ட்டுகளை இறுக்கமாகப் பொருத்தினார். ரிவெட் நாளடைவில் ஆட்டம் கண்டுவிடும் என்பது அவர் எண்ணம்.

இந்த வகையில் ஒரு காருக்கு 1907-ல் வெள்ளி நிற வர்ணம் பூசினார்கள். அது பேய் போலச் சத்தம் இல்லாமல் போயிற்று. அதனால் வெள்ளிப் பேய் என்று பொருள்படும்படி சில்வர் கோஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். அதன் நம்பர் ஏ.எக்ஸ். 201.

15 ஆயிரம் மைல் சோதனை

இந்தக் கார் எவ்வளவு தூரம் நிற்காமல் ஓடும்? ஊரறியச் சோதித்துக் காட்ட ஜான்சன் முடிவு செய்தார். மோட்டார் சங்கத்தின் பார்வையாளர்கள் காரிலேயே உட்கார்ந்து கணக்கு எடுத்தார்கள். கோளாறினால் கார் தானாக நின்றுவிடக் கூடாது. அதுதான் பந்தயம். டயர் பஞ்சர் மட்டும் இதில் சேராது.

அன்றைய சாலைகள் இன்றைய தார்ச் சாலைகள் அல்ல. மழையில் சேறு. வெயிலில் புழுதி. வழியெல்லாம் மேடும் பள்ளமும்.

629-வது மைலில் கார் நின்றது! எல்லோரும் பதறினார்கள். இறங்கிப் பார்த்தார்கள். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. பெட்ரோல் வருகிற குழாயின் திருகு, குலுக்கலில் தானாக மூடிக்கொண்டுவிட்டது. அவ்வளவுதான். திருகைத் திறந்ததும் கார் புறப்பட்டுவிட்டது.

அதற்குப் பிறகு லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே மாறி மாறி ஓடியது. இரவும் பகலும் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு. ஜான்சனும், ரோல்சும், வேறு சிலரும் மாறி மாறி ஓட்டினார்கள். 14,371 மைல் வரை கார் ஒரு தடவை கூடக் கோளாறாகி நிற்கவில்லை. அதற்கு முன்பு இருந்த சாதனையைப் போல் இது ஏறக்குறைய இரண்டு மடங்கு!

15 ஆயிரம் மைல் முடிந்ததும் காரை முழுவதும் கழற்றிப் பார்த்தார்கள். எந்தப் பாகம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்தார்கள். காரை மறுபடியும் புதுக் கார் போல் ஆக்க, மாற்ற வேண்டிய சாமான்களின் விலை என்ன தெரியுமா? இரண்டு பவுனுக்குச் சற்று அதிகம்! எஞ்சினின் முக்கியப் பாகங்கள் தேயவே இல்லை.

மலையில் நின்ற கார்

ராய்சின் கார்கள் எங்குமே தோற்றதில்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1912-ல் ஆஸ்திரியா நாட்டில் ஆல்ப்ஸ் மலைப் பந்தயம் நடந்தது. ஒருவர் தம் சொந்த ரோல்ஸ்ராய்ஸ் காரில் கலந்துகொண்டார். செங்குத்தான ஏற்றத்தில் கார் திணறி நின்றது. உட்கார்ந்திருந்தவர்கள் இறங்க வேண்டியதாயிற்று. பெரிய அவமானம்.

கம்பெனி சாக்குச் சொல்லவில்லை. மூன்று கியர் போதவில்லை என்று தெரிந்தது. நான்கு கியர் வைத்தார்கள். அடுத்த ஆண்டு அதே மலைக்குக் கார்களை அனுப்பினார்கள். அவை சுலபமாக ஏறின. பரிசுகளோடு திரும்பின.

உடம்பு என்ற எந்திரம்

காருக்கு வேளை தவறாமல் எண்ணெய் ஊற்றிய ராய்ஸ், தாம் வேளை தவறாமல் சாப்பிட்டது இல்லை. வேலையில் மூழ்கினால் பசி தெரியாது. பட்டறைப் பையன்கள் கையில் பால் தம்ளரோடு அவர் பின்னாலேயே அலைவார்கள். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். இரவு வேலை விடியற்காலை வரை நீளும்.

1910-ல் ரோல்ஸ் விமான விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 32. அடுத்த ஆண்டு ராய்ஸ் படுத்த படுக்கையானார். பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட உடம்பு ஒரேயடியாக உட்கார்ந்துவிட்டது. குடலில் பெரிய ஆபரேஷன் நடந்தது. அவர் அதிக நாள் இருக்க மாட்டார் என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். அப்போது அவருக்கு 50 வயது கூட ஆகவில்லை.

ஜான்சன் அவரைத் தொழிற்சாலையிலிருந்து பிரித்து வெளியூர் அழைத்துப் போனார். குளிர்காலத்தில் தென் பிரான்சு. மற்றக் காலத்தில் இங்கிலாந்தின் கடற்கரை. எத்தல் ஆபின் என்ற நர்ஸ் அவரைக் கவனித்துக்கொண்டார். வேளைக்குச் சாப்பாடு. வேளைக்குத் தூக்கம். ராய்ஸ் கார்களைக் கவனித்தது போல அந்த அம்மாள் ராய்சைக் கவனித்தார்.

பலன் என்ன? சில மாதங்கள்கூட இருக்க மாட்டார் என்று எண்ணப்பட்டவர் மேலும் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். வீட்டில் இருந்தபடியே படம் வரைந்தார். படங்கள் டெர்பி நகரத்தில் இருந்த தொழிற்சாலைக்குப் போகும். சாமான்கள் செய்யப்படும்.

அந்த 20 ஆண்டுகளில்தான் அவர் விமான எஞ்சின்களைச் செய்தார். 1919-ல் ஆல்காக், பிரவுன் என்ற இருவர் முதன்முதலாக அட்லாண்டிக் கடலை நிற்காமல் விமானத்தில் தாண்டினார்கள். அதில் இருந்தவை ராய்சின் ஈகிள் எஞ்சின்கள். 1931-ல் அவருடைய எஞ்சின் பூட்டிய விமானம் மணிக்கு 400 மைலுக்கு மேல் பறந்தது. 1930-ல் அரசாங்கம் அவருக்குச் சர் பட்டத்தோடு பரம்பரை மரியாதையும் வழங்கியது. ஆனால் அவர் தம்மை ஒரு மெக்கானிக் என்றே சொல்லிக்கொள்வார்.

1933 ஏப்ரல் 22-ந் தேதி ராய்ஸ் காலமானார். வயது 70. மரணப் படுக்கையிலும், காரின் குலுக்கலைக் குறைக்கும் ஒரு கருவிக்குப் படம் வரைந்து கொடுத்தார் என்று சொல்வார்கள். அவருடைய அஸ்தி, பிறந்த ஊரான ஆல்வால்ட்டன் தேவாலயத்தில் இருக்கிறது.

வைத்திருந்தவரின் பங்கு

வெள்ளிப் பேயை 1908-ல் ஒருவர் வாங்கினார். 40 ஆண்டுகள் அதை அவர் வைத்திருந்தார். 1948-ல் அது கம்பெனிக்கே திரும்பி வந்தது. அதற்குள் ஏறக்குறைய 4 லட்சம் மைல் ஓடிவிட்டது. பிறகும் ஓடி 5 லட்சத்தைத் தாண்டியது.

செய்தவர் நன்றாகச் செய்தால் மட்டும் ஒரு வண்டி இவ்வளவு தூரம் ஓடாது. வைத்திருப்பவரும் நன்றாக வைத்திருக்க வேண்டும். எண்ணெயும் தண்ணீரும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தளர்ந்த நட்டை அன்றைக்கே இறுக்க வேண்டும். நேற்று இல்லாத சத்தம் இன்று கேட்டால், நாளைக்குப் பார்ப்போம் என்று ஓட்டக் கூடாது. காராக இருந்தாலும் சரி, சைக்கிளாக இருந்தாலும் சரி, இதுதான் வழி.

உடம்புக்கும் இதுவேதான் வழி. இதை ராய்ஸ் தாமதமாகத் தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்ட பிறகு அவருக்கு 20 ஆண்டுகள் கிடைத்தன.