ரொனால்ட் ஃபிஷர்

சர் ரொனால்ட் எய்ல்மர் ஃபிஷர் (பெப்ரவரி 17, 1890 – சூலை 29, 1962) இங்கிலாந்தைச் சேர்ந்த புள்ளியியலாளரும் மரபியலாளரும் ஆவார். மாறுபாட்டுப் பகுப்பாய்வு, சோதனை வடிவமைப்பு ஆகிய துறைகளுக்கு அடித்தளம் இட்டவர். அளவில் சமமற்ற இரு குழுக்களின் தோல்வி வீதங்களை ஒப்பிடப் புள்ளியியல் மென்பொருள்களில் பயன்படும் துல்லியச் சோதனை இவரது பெயரால் வழங்குகிறது.

வாழ்க்கை

ஃபிஷர் இலண்டனில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று 1912இல் கணிதத்தில் பட்டம் பெற்றார். பார்வைக் குறைபாட்டால் முதல் உலகப்போரில் படையில் சேர்க்கப்படவில்லை. சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். 1919இல் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். அங்கு பல்லாண்டுகளாகத் திரண்டிருந்த விளைச்சல் தரவுகளை ஆராயும் பணியிலிருந்தே இவரது முறைகள் பல பிறந்தன. 1933இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும், 1943 முதல் 1957 வரை கேம்பிரிட்ஜிலும் பேராசிரியராக இருந்தார். இந்தியப் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ் கேம்பிரிட்ஜில் இவரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். 1952இல் ஃபிஷர் சர் பட்டம் பெற்றார்.

துல்லியச் சோதனை

கார்ல் பியர்சன் 1900இல் கை-வர்க்கச் சோதனையை வெளியிட்டார். இரண்டு வரிசை, இரண்டு நிரல் கொண்ட அட்டவணைக்கு அதில் வரையற்ற பாகைகள் மூன்று அல்ல, ஒன்றே என ஃபிஷர் 1922இல் காட்டினார். இதனால் இருவரிடையே நெடிய பூசல் எழுந்தது. எனினும் கை-வர்க்கச் சோதனை தோராயமானது. எதிர்பார்க்கும் எண்ணிக்கை மிகச் சிறிதாயின் நம்பத்தக்கதன்று. எனவே 1930களில் நிகழ்தகவை நேரடியாகக் கணக்கிடும் முறையை ஃபிஷர் முன்வைத்தார்.

எடுத்துக்காட்டாக, பழைய வகைக் கருவிகள் 200இல் 10 பழுதாகின்றன (5%). புதிய வகையில் 10இல் 2 பழுதாகின்றன (20%) எனக் கொள்வோம். புதியது நான்கு மடங்கு மோசம் எனத் தோன்றும். ஆனால் இரு வகைக்கும் வேறுபாடே இல்லை எனக் கொண்டு, பழுதான 12 கருவிகளும் மொத்தம் 210இல் தற்செயலாகப் பரவியிருப்பதாகக் கணக்கிட்டால், புதிய வகையில் இரண்டோ அதற்கு மேலோ விழும் நிகழ்தகவு ஏறத்தாழ 0.10 ஆகும். அதாவது பத்தில் ஒரு முறை இது தற்செயலாகவே நிகழலாம். புதிய வகையைக் குறைகூற இச்சான்று போதாது. அது நல்லது என்பதற்கும் இது சான்றாகாது. கையால் செய்யக் கடினமான இக்கணக்கை ஆர் மொழி முதலிய மென்பொருள்கள் நொடியில் செய்கின்றன.

1935இல் வெளியான சோதனை வடிவமைப்பு பற்றிய நூலில் ஃபிஷர் இதே தருக்கத்தைத் தேநீர்ச் சோதனை கொண்டு விளக்கினார். எட்டுக் கோப்பைகளுள் பால் முதலில் ஊற்றப்பட்ட நான்கை ஊகத்தால் மட்டும் சரியாகப் பிரிக்கும் வாய்ப்பு 70இல் 1 ஆகும்.

சர்ச்சைகள்

புகைப்போரிடையே நுரையீரல் புற்றுநோய் மிகுதி என ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் ஆகியோர் 1950இல் காட்டினர். இரு குழுக்களின் வீதம் வேறுபடுவது மட்டும் காரணத்தை நிறுவாது, மரபுக்கூறு இரண்டுக்கும் பொதுக் காரணமாக இருக்கலாம் என ஃபிஷர் 1957 முதல் வாதிட்டார். இவர் தாமே புகைப்பவர். புகையிலை உற்பத்தியாளர்களுக்கு ஆலோசகராகவும் இருந்தார். எச்சரிக்கை முறையானதெனினும், பின்வந்த ஆய்வுகள் இவரது ஐயத்தைத் தவறென நிறுவின. இனமேம்பாட்டியலை ஆதரித்ததற்காகவும் இவர் கண்டிக்கப்படுகிறார். இவர் நினைவாகக் கேம்பிரிட்ஜில் இவர் பயின்ற கல்லூரியில் இருந்த வண்ணக் கண்ணாடிச் சாளரம் 2020இல் அகற்றப்பட்டது.

மறைவு

ஓய்வுக்குப் பின் ஆஸ்திரேலியா சென்ற ஃபிஷர், 1962இல் அடிலெய்டு நகரில் காலமானார்.