நீங்க வாங்கின முதல் மார்க் எது தெரியுமா?

ஆஸ்பத்திரியில பிறந்தவரா நீங்க? அப்போ முதல் நிமிஷமே உங்களுக்கு 10-க்கு இத்தனைன்னு மார்க் போட்டிருப்பாங்க. அதை உருவாக்கியவர் அமெரிக்க டாக்டர் வர்ஜீனியா அப்கார் (1909-1974).

சர்ஜனாக ஆசைப்பட்டவரை, பெண்களுக்கு அது சரிவராதுன்னு மயக்க மருந்துத் துறைக்குத் திருப்பிவிட்டாங்க. மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தைகளைப் பிழைக்காதுன்னு ஒதுக்கிவெச்ச காலம் அது. 1952-ல் அப்கார் ஒரு கணக்கு சொன்னார். இதயத்துடிப்பு, மூச்சு, கைகால் அசைவு, தொட்டால் சிணுங்குவது, உடல் நிறம்... ஒவ்வொன்றுக்கும் 2 மார்க். குறைஞ்சா, உடனே சிகிச்சை!

50 வயதில் பொது சுகாதாரமும் படிச்சார். கர்ப்பிணிக்கு வரும் ரூபெல்லா, குழந்தையின் கண், காது, இதயத்தை ஆயுசுக்கும் பாதிக்கலாம். தடுப்பூசி தேவைன்னு வலியுறுத்தினார்.

குழந்தைக்குப் பிளான் பண்றீங்களா? கர்ப்பத்துக்கு முன்பே அந்த ஊசி பற்றி டாக்டர்கிட்ட கேட்டுடுங்க.