அடிபம்பு கைப்பிடி மட்டும்தான் ஆதாரமா? காலராவின் காரணத்தை டாக்டர் ஜான் ஸ்னோ நிரூபித்தது எப்படி?

லண்டனில் காலரா பரவியபோது, ஒரு அடிபம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்து நோயை நிறுத்தியவர் டாக்டர் ஜான் ஸ்னோ. பலரும் கேள்விப்பட்ட கதை இது. ஆனா, அவரோட வலுவான ஆதாரம் அந்தக் கைப்பிடி இல்ல. வீடு வீடாகப் போய் எடுத்த ஒரு கணக்குதான்.

யார் இந்த ஜான் ஸ்னோ?

1813-ல் இங்கிலாந்தின் யார்க் நகரில், கூலித் தொழிலாளி ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தார். 14 வயதிலேயே ஒரு டாக்டரிடம் வேலை பழகச் சேர்ந்தார். 18 வயதில், சுரங்கத் தொழிலாளர்கள் காலராவில் விழுவதை நேரில் பார்த்தார். பின்னாளில் மயக்க மருந்து நிபுணராகப் பெயர் எடுத்தார். 1853-ல் விக்டோரியா மகாராணிக்குப் பிரசவத்தின்போது குளோரோஃபார்ம் கொடுத்தவரும் இவர்தான்.

அப்போது காலரா கெட்ட காற்றால் பரவுது என்றே பெரும்பாலான டாக்டர்கள் நம்பினார்கள். தண்ணீர்தான் காரணம் என்று 1849-லேயே ஸ்னோ எழுதினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கைப்பிடி ஏன் போதாது?

1854 ஆகஸ்ட் இறுதியில் பிராட் தெரு பகுதியில் காலரா வெடித்தது. பத்தே நாளில் 500-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்களின் வீடுகள் ஒரு அடிபம்பைச் சுற்றியே இருப்பதை ஸ்னோ கண்டுபிடித்தார். செப்டம்பர் 8-ம் தேதி கைப்பிடி கழற்றப்பட்டது.

ஆனா அதற்கு முன்பே மக்கள் ஊரைக் காலி செய்துவிட்டதால், சாவு எண்ணிக்கை குறையத் தொடங்கியிருந்தது. அப்போ நோய் அடங்கியது கைப்பிடியாலா, இல்ல தானாகவா? 'முன்பு, பின்பு' என்று பார்க்கும் ஆய்வின் பலவீனமே இதுதான். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம் அதில் இல்லை.

ஒரே தெரு, இரண்டு கம்பெனி

அந்தக் கூட்டம் தெற்கு லண்டனில் கிடைத்தது. அங்கே ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகளின் குழாய்கள் ஓடின. சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் கம்பெனி, சாக்கடை கலந்த தேம்ஸ் நதி நீரைக் கொடுத்தது. லாம்பெத் கம்பெனி 1852-லேயே நதியின் மேல்பகுதிக்கு மாறி, சுத்தமான நீரை எடுத்தது. பணக்காரர், ஏழை, பெரிய வீடு, சின்ன வீடு என எந்த வித்தியாசமும் இல்லை. சுவாசித்த காற்றும் ஒன்றுதான். தண்ணீர் மட்டும்தான் வேறு.

பல வீடுகளில் எந்தக் கம்பெனி தண்ணீர் என்றே தெரியவில்லை. அதனால் நீரில் உள்ள உப்பின் அளவைச் சோதித்து ஸ்னோ பிரித்தறிந்தார்.

கணக்கு என்ன சொன்னது?

1854-ல் நோய் பரவிய முதல் ஏழு வாரங்களில்:

* சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால்: 40,046 வீடுகள், 1,263 மரணங்கள். அதாவது 10,000 வீடுகளுக்கு 315.
* லாம்பெத்: 26,107 வீடுகள், 98 மரணங்கள். அதாவது 10,000 வீடுகளுக்கு 37.

வித்தியாசம் எட்டு மடங்குக்கும் மேல். மரணங்களை மட்டும் எண்ணியிருந்தால் இது தெரிந்திருக்காது. மொத்த வீடுகளால் வகுத்ததால்தான் உண்மை வெளியே வந்தது.

ஏன் இந்த வழி?

எந்த அளவுசார் ஆய்விலும் முதலில் கேட்க வேண்டியது, நம்ம கேள்வி என்ன என்பதுதான். நோய் எங்கே பரவுது என்று அறிய வரைபடம் போதும். எதனால் பரவுது என்று அறிய, மற்ற எல்லாவற்றிலும் ஒத்துப்போகும் இரண்டு குழுக்கள் வேண்டும். அதற்காக மனிதர்களுக்கு அழுக்கு நீரைக் கொடுத்துச் சோதிக்க முடியாது இல்லையா? அந்தப் பிரிவினை ஏற்கெனவே நடந்திருந்ததை ஸ்னோ கவனித்தார். இதைத்தான் இன்று 'இயற்கைப் பரிசோதனை' என்கிறார்கள்.

1858-ல், 45 வயதில் ஸ்னோ இறந்தார். அப்போதும் பலர் கெட்ட காற்றையே குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலராவுக்குக் காரணம் நீரில் பரவும் கிருமி என்பதை உலகம் ஏற்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. கிருமியைக் கண்ணால் பார்க்காமலேயே, சரியான ஒப்பீட்டை வைத்து அது வரும் வழியை ஸ்னோ காட்டிவிட்டுப் போயிருந்தார்.